சாமான் கைக்கு வராமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையில் எந்த ஊர் டாக்சி ஸ்டாண்டில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "வண்டி மதுரையில நிக்குது. சாமான் வரணுமாம்." டீசல் பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்), டர்போ, இசிஎம் (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி), ஸ்டீயரிங் ராக் என்று ஒரே வேலையில் தேர்ந்த கடைகளுக்கு நாம் பெரும்பாலும் மதுரைக்கோ கோவைக்கோதான் போகிறோம். போன வண்டி எப்போது திரும்பும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

சாமான் தாமதமாவதை நான் குறை சொல்லவில்லை. செவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே டவேராவும் ஃபோர்டு ஃபிகோவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் சில பாகங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும், அதற்கு நாளாகும். என் கோபம் வேறு. சாமான் எங்கே இருக்கிறது என்றே விசாரிக்காமல் முழு அட்வான்ஸும் வாங்கி, அன்றைக்கே எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போடுகிறார்கள். பிரித்த வண்டி வேறு பட்டறைக்கு உருண்டு போகாது. மூன்று வண்டி பார்க்க ஆள் உள்ள கடை பத்து வண்டியைப் பிடித்து வைப்பது இப்படித்தான்.

மதுரையில் இது வெறும் தாமதம். உச்சிப்புளியிலோ பாம்பனிலோ உள்ளூர்ப் பட்டறையில் பிரித்துப் போட்டு, பாகத்தை மட்டும் வெளியூர் அனுப்பிக் காத்திருந்தால் அது நேரடிச் சேதம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடலோர இரவுகள் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கொட்டகைக்குள்ளும் உப்பு வந்து படியும். ஆயில் துடைத்த வார்ப்பிரும்பு சிலிண்டர் சுவர் ஓரிரு நாளில் செம்பழுப்பாகிவிடும். மேலே தெரிகிற துருவைத் துணியால் துடைத்துவிடலாம், ஆனால் ஆயில் நிற்பதற்காகச் சுவரில் கீறிய ஹோனிங் கோடுகளுக்குள் இறங்கிய துரு அங்கேயே நிற்கும். அதன் மேல் புது ரிங் ஏறினால் ரிங் தேயும், எஞ்சின் ஆயில் குடிக்கும். அப்போது "பிஸ்டன் செட் சரியில்ல அண்ணே" என்பார்கள். செட்டில் ஒரு குறையும் இருக்காது.

இதைத் தடுக்க ஆகிற செலவு மிகக் குறைவு. சிலிண்டர் சுவர், கிராங்க் ஜர்னல், கேம் எல்லாவற்றிலும் எஞ்சின் ஆயிலைத் தாராளமாகப் பூச வேண்டும். பிளாக்கைத் தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்ட வேண்டும். டீசல் லைன் முனைகளுக்கும் டர்போ வாய்க்கும் மூடி போட வேண்டும். பழைய துணியைத் திணிப்பது மூடி ஆகாது, நூல் உள்ளே போய் நாசிலை அடைக்கும். ஏசி பைப்பைக் கழற்றினால் அந்த நிமிடமே இரு முனையையும் அடைக்க வேண்டும். திறந்தே கிடந்தால் ஏசியின் ஈரம் உறிஞ்சியான டிரையர் வெளி ஈரத்தைக் குடித்து வீணாகும், கம்ப்ரசர் ஆயிலும் ஈரம் இழுக்கும். அப்படிக் கிடந்த வண்டிக்குப் புது டிரையர் போடாமல், அரை மணி நேரமாவது வாக்குவம் பிடிக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடையில் அதே கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். பிரேக் ஆயில் டப்பா மூடிக்கும் இதே விதி. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி வைத்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கிற பட்டறையை நான் மதிப்பேன்.

காத்திருப்பில் பெரும்பங்கு வேலையின் வரிசை தப்புவதால் வருவது. தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் ரீபோர் வேலையைப் பாருங்கள். சரியான முறையில் முதலில் தேய்மானத்தை அளக்க வேண்டும். பிறகு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று உறுதி செய்து, வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கம்பெனி சொல்லும் இடைவெளியைச் சேர்த்து, அதற்கப்புறம்தான் லேத்துக்கு அனுப்ப வேண்டும். நடப்பது தலைகீழ். முதலில் 0.50-க்கு அடித்துவிடுகிறார்கள், அப்புறம் பிஸ்டன் தேடுகிறார்கள். சந்தையில் 0.50-ம் அதற்கு மேலான அளவும் இல்லையென்றால் அந்த பிளாக்குக்கு அடுத்த வழி லைனர்தான், அதாவது சிலிண்டருக்குள் புது உருளை இறக்குவது. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது அநியாயம்.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே போடும் ஹெட் கேஸ்கட்டிலும் இதே கதை. பல டீசல் எஞ்சின்களில் ஒரே கேஸ்கட் இரண்டு மூன்று கனத்தில் வரும், ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுதான் அடையாளம். பிளாக்குக்கு மேலே பிஸ்டன் எவ்வளவு எட்டுகிறது என்று டயல் கேஜில் அளந்து கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாடல் பெயரை மட்டும் போனில் சொல்லி ஆர்டர் போட்டால் வருவது தப்பான கனம், மறுபடி ஒரு வாரம். அதனால் ஆர்டர் போடும்போது 17 எழுத்துள்ள சேசிஸ் நம்பரையும், பழைய பாகத்தில் பொறித்த பார்ட் நம்பரையும் போட்டோ எடுத்தே அனுப்புங்கள்.

காமன் ரெயில் (கணினி இயக்கும் புது வகை டீசல்) எஞ்சினின் நாசிலை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் ஒவ்வொரு நாசிலின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும், அது இசிஎம்மில் பதிவாகியிருக்கும். நான்கையும் படம் எடுத்து, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதிக் கட்டி அனுப்புங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் உங்கள் நாசில் இன்னொருவர் வண்டிக்குப் போய்விடலாம். படம் கையில் இல்லையென்றால் பேச வாயே இருக்காது. ரிப்பேர் ஆகி வரும்போது டெஸ்ட் பெஞ்ச் அறிக்கையையும் புதுக் குறியீட்டையும் கேட்டு வாங்கி, ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் என் கருத்து இதுதான்: பாகத்தின் விலைக்கு மட்டும் பணம் கொடுங்கள், அதுவும் பார்ட் நம்பரும் விலையும் தேதியும் எழுதிய ரசீதுக்கு எதிராக. கூலி வேலை முடிந்த பிறகுதான். ஜாப் கார்டில் கிலோமீட்டர், டீசல் அளவு, பேட்டரி நம்பர், "பாகம் வந்த பிறகே பிரிக்க வேண்டும்" என்ற வரி நான்கும் இருக்கட்டும். முகம் சுளித்தாலும் எழுதித் தருவார்கள்.

தேதி தாண்டியதும் போன் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள்: ஆர்டர் எந்தத் தேதியில், யாரிடம், பார்சல் ரசீது எங்கே? உண்மையில் ஆர்டர் போட்டவர் அரை மணியில் ரசீதை அனுப்பிவிடுவார். ஆன்லைனில் பாகம் வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி விட்டிருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். "டாக்சி வியாபாரம், நீ நுகர்வோரே இல்லை" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

பட்டறைக்காரருக்கும் உரிமை உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவின்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளலாம். வேலையே செய்யாமல், நிறுத்தி வைத்ததற்கு வாடகை கேட்டு வண்டியைப் பிடித்து வைக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்காது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருபவர்கள் கடைசி வாரத்தில் எஞ்சின் வேலை ஆரம்பிக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஊரில் இருக்கும் மச்சானிடமோ தம்பியிடமோ வண்டியை எடுத்துக்கொள்ளக் கையெழுத்திட்ட கடிதம், ரசீது, படங்கள் மூன்றையும் ஒப்படைத்துவிட்டு ஃபிளைட் ஏறுங்கள். ஆர்சி அசலையும் இரண்டாவது சாவியையும் பட்டறையில் விட வேண்டாம். இசிஎம் வேலைக்குச் சாவி வேண்டும் என்பது உண்மைதான், திருட்டுத் தடுப்பான இம்மொபைலைசரோடு பொருத்த அது தேவைப்படும். அந்த வேலை நடக்கிற அன்று மச்சானே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, கையோடு வாங்கி வரட்டும்.