இன்வெர்ட்டர் இருந்தால் நெட் நிற்காது என்பது பாதிதான் சரி

"திருநெல்வேலியில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஃபைபரும் இன்வெர்ட்டரும் போதும், கரண்ட் போனாலும் நெட் நிற்காது" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இதை நம்பி யாரும் வீடு பார்த்துவிடாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு துணைமின் நிலையத்தை நிறுத்தினால், பெரும்பாலும் காலை 9 முதல் பகல் 2 வரை கரண்ட் இருக்காது. உங்கள் இன்வெர்ட்டர் தாங்கும். ஆனால் நெட் கனெக்ஷன் தரும் ஆபரேட்டரின் கருவியும் ஓட வேண்டுமே! வீட்டுக்குள் மெல்லிய ஃபைபர் வயர் வருகிறதா, தடித்த லேன் கேபிள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். லேன் என்றால் தெருக்கம்பத்துப் பெட்டியில் வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துத் தரும் 'ஸ்விட்ச்' என்ற கருவி இருக்கும்; அதன் பேட்டரி தீர்ந்ததும் நெட் போய்விடும். ஃபைபர் நேராக வந்தால் இந்தத் தொல்லை குறைவு. அப்போதும் மோடத்தில் 'லாஸ்' (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னினால், ஒன்று கேபிள் அறுந்திருக்கும், இல்லை ஆபரேட்டர் பக்கம் கரண்ட் போயிருக்கும்.

கரண்ட் போகும் நொடியில் மீட்டிங் அறுந்தால் அது வேறு கோளாறு. இன்வெர்ட்டர் எகோ (Eco) மோடில் இருந்தால் பேட்டரிக்கு மாறத் தாமதமாகும். மோடம் ரீஸ்டார்ட் ஆகி நெட் திரும்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். சட்டென்று மாறும் யூபிஎஸ் மோடில் வைக்கலாம், ஆனால் லோ வோல்டேஜ் உள்ள தெருவில் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். அங்கே மோடத்துக்கு மட்டும் தனியாக மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) போடுவதே நல்லது. மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது கனெக்ஷன் எடுத்தால் வேறு வழியாக வரும் கேபிளாக எடுங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும்.