மூச்சு மனைவிக்கு மட்டும்தானா?

தம்பதிகளுக்கு ஒரு நிபுணர் அறிவுரை சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆறு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன்.

"தினமும் பத்து நிமிஷம் மைண்ட்ஃபுல்னெஸ் பண்ணுங்கம்மா, அட்ஜஸ்ட்மென்ட் தானா வந்துடும்." மூச்சைக் கவனித்தபடி மனதில் ஓடுவதை அப்படியே பார்க்கும் பயிற்சிதான் மைண்ட்ஃபுல்னெஸ். அம்மாக்களுக்கு மட்டும்தான் இந்த அறிவுரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மூச்சே விடுவதில்லை போல.

நம் பேச்சில் அட்ஜஸ்ட் என்றால் ஒருவர் விழுங்கிக்கொள்வது. உளவியலில் அப்படியில்லை. தம்பதிகளின் அட்ஜஸ்ட்மென்டை அளக்க 1976-இல் ஸ்பேனியர் என்ற ஆய்வாளர் உருவாக்கிய அளவுகோலில் 32 கேள்விகள் இருக்கின்றன. எதிலெல்லாம் இருவரும் ஒத்துப்போகிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்களா, பாசத்தைக் காட்டிக்கொள்கிறார்களா என்றெல்லாம் கேட்கும். யார் அதிகம் பொறுத்துப்போனது என்று மட்டும் கேட்காது.

சுயபரிவுக்கும், அதாவது நம்மிடமே நாம் காட்டும் பரிவுக்கும், இதே கதிதான். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் அதற்கு மூன்று விஷயங்களைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, இது மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் வருவதுதான் என்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. அந்த மூன்றாவதுதான் மைண்ட்ஃபுல்னெஸ். மறைக்காமலும் என்பதை நம்மூர் நிபுணர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முன்பெல்லாம் சண்டை முடிந்தால் ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு கிடப்பேன். "நீ வாயைத் திறந்தாலே வினைதான்." விடிந்ததும் அந்தச் சூடு கணவர்மேல்தான் பாயும். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள முடியாது. ஏற்கெனவே ராத்திரி அவ்வளவு அடி வாங்கியிருப்பேனே! என்னைத் திட்டுவதைக் குறைத்த பிறகுதான் "ஆமா, நான் பேசினது தப்பு" என்று சொல்ல வாய் வந்தது. "எனக்கு வலிச்சுது" என்று சொல்லவும் அப்போதுதான் வந்தது. அதாவது, நான் அமைதியாகவில்லை. அதிகம் பேச ஆரம்பித்தேன்!

"அப்போ தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டு தப்பு பண்ணிட்டே இருக்கலாமா?" என்று வருவீர்கள். நியாயமான கேள்வி. பேக்கர், மெக்நல்டி என்ற ஆய்வாளர்கள் 2011-இல் இதைப் பார்த்தார்கள். பொறுப்புணர்வு குறைந்த ஆண்களிடம் சுயபரிவு கூடினால், உறவில் செய்த தவறைத் திருத்தும் முனைப்பு குறைந்தது. பெண்களிடம் அந்தச் சிக்கல் இல்லை. நான் சொல்லவில்லை சாமி, ஆய்வு சொல்கிறது. எச்சரிக்கை பலகை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

"ஆண்களைத் திட்டவே பதிவு போடுறே." போங்கப்பா.

"அடிக்கிறவன்கூட இருந்தாலும் மூச்சைக் கவனிக்கணுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். வேண்டாம். அங்கிருந்து கிளம்பு. வலியை மறைக்காமல் பார்த்தால் வாசலும் தெரியும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், பதினொரு வருஷம் முன்னால் நாங்கள் இருவரும் ஓர் ஆலோசகரிடம் போனோம். ஒரு மணி நேரம். கேள்வி எல்லாம் எனக்கு. "நீங்கதாம்மா கொஞ்சம் அமைதியா இருக்கணும்" என்று முடித்தார். நான் தலையாட்டினேன். இன்றுவரை அந்தத் தலையாட்டல்தான் உறுத்துகிறது.

படியிறங்கும்போது கணவர்தான் கேட்டார்: "என்னை ஏன் ஒண்ணுமே கேக்கலை?"