வெட்டிய மரமெல்லாம் ஊது தராது
ஊது என்பது அகில் மரத்தில் பிசின் ஊறி மணக்கும் கட்டை. சந்தனம் மாதிரி அகில் மரத்தையும் வெட்டினாலே ஊது கிடைத்துவிடும் என்று ஊது பற்றிய இந்தக் கட்டுரையில் வருவது சரியில்லை. சந்தனத்தின் வைரப்பகுதிக்கு இயல்பாகவே மணம் உண்டு. நோயில்லாத அகில் மரமோ வெளுத்து, லேசாக, மணமே இல்லாமல் இருக்கும். தண்டைப் புழு துளைத்து, அந்தக் காயத்தில் பூஞ்சை புகுந்தால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரும்பிசினைச் சுரக்கும். அசாமில் ஹோஜாய்ப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்திருக்கிறேன்: சிறு உளியால் வெள்ளைப் பகுதியை நாள் முழுக்கச் செதுக்கித் தள்ளுகிறார்கள், மிஞ்சுவது விரல் அகலத்துக்குக் கறுப்புக் கீற்று. உள்ளே பிசின் இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். அதனால் காட்டில் எத்தனையோ வெறும் மரங்களும் வீணாக வெட்டுப்பட்டன. 1995-இல் இந்த அசாம் அகில் வகை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. அப்புறம், தோட்டத்தில் வளர்த்த மரத்தின் ஊது அசல்தானா என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார்; அதுவும் அசல்தான். தண்டில் துளையிட்டுப் பூஞ்சை ஏற்றிப் பிசின் பிடிக்க வைக்கிறார்கள்.