மழை மாதங்களையும் கணக்கில் எடுங்கள்
மாவட்ட வாலிபால் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு போட்டி நடத்துவதோடு சரி என்று கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்டா பக்கம் ஒரு சங்கத்துக்கு ஓராண்டு செயலாளராக இருந்தேன். எங்களுக்கு எல்லாமே மண் தரைதான். ஐப்பசி, கார்த்திகையில் சேறு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மிஞ்சுவது பொங்கலை ஒட்டிய வாரங்களும் கோடை விடுமுறையும். அதற்குள் ஜூனியர் அணித் தேர்வு, வயதுச் சான்று சரிபார்ப்பு, மாநிலப் போட்டிக்குப் பயணச் செலவு திரட்டுவது எல்லாம் முடிய வேண்டும். பெண்கள் அணிக்குத்தான் பெரும்பாடு. வலை ஆண்களுக்கான 2.43 மீட்டரிலேயே கிடக்கும், 2.24-க்கு இறக்கிக் கட்டச் சொல்லி மைதானத்துக்கு மைதானம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கூட வர ஒரு பெண் பயிற்சியாளர் இல்லையென்றால் பெற்றோர் வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட. 'ஊர்த் திருவிழா இரவுப் போட்டிகள் இருக்கும்போது சங்கம் எதற்கு' என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கிராமங்களில் இந்த ஆட்டம் உயிரோடு இருப்பதே அந்தப் போட்டிகளால்தான், மறுக்கவில்லை. ஆனால் ரொக்கப் பரிசு பெரிதானால் வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்குகிறார்கள், உள்ளூர்ப் பையன் வெளியே உட்காருகிறான். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அவன் காட்ட வேண்டியது அங்கீகாரம் பெற்ற போட்டிச் சான்றிதழ். அதற்கு மாவட்ட அணியில் அவன் பெயர் வர வேண்டும், அந்தத் தேர்வை நடத்த ஒரு சங்கம் வேண்டும்.