மனநலம் பாதித்தவரை லாக்கப்பில் வைக்கலாமா?

"தெருவில் திரியும் மனநோயாளியை ஸ்டேஷனில் வைத்து, மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கினால்தான் கீழ்ப்பாக்கத்தில் சேர்ப்பார்கள், போலீசுக்குப் பயிற்சி தருவது அரசின் விருப்பம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது பழைய 1987 மனநலச் சட்டத்தின் முறை. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 100ஆம் பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாதவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுக்க வேண்டும்; காரணத்தை அவரிடம், அவருக்குப் புரிவது கடினம் என்றால் அவர் நியமித்த பிரதிநிதியிடம், சொல்ல வேண்டும்; கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கீழ்ப்பாக்கம்தான் என்றில்லை. லாக்கப், சிறை எந்தச் சூழலிலும் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என எஃப்ஐஆர் பதிந்து, குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷனின் வேலை.

பயிற்சியும் சலுகை அல்ல. காவலர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பயிற்சி தர 30ஆம் பிரிவு அரசைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் பட்ஜெட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சி இல்லாத இடத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் அதட்டுவார்கள், கையைப் பிடிப்பார்கள். பயந்தவர் திமிறுவார், அது தாக்குதலாகப் பதிவாகும். ஒருவர் மட்டும், தள்ளி நின்று, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். கூட்டத்தை மற்றவர் விலக்க வேண்டும்.

ஆலோசனைக்கு டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி சேவை): 14416.