பேனா என் கையில்தான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்த வீடியோவை எனக்கே நான்கு பேர் அனுப்பியிருந்தீர்கள். பாத்திரம் பேசவில்லை, ஒத்துழைக்கவில்லை என்று நாவலாசிரியர்கள் சொல்வதெல்லாம் தோரணை, பேனா அவர்கள் கையில்தானே இருக்கிறது, வேலை செய்யச் சோம்பல்பட்டுக்கொண்டு பழியைப் பாத்திரத்தின் மேல் போடுகிறார்கள் என்றார் மேடையில் பேசிய ஒருவர். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இருபது நிமிடம் முன்னால் அதே மேடையில் என் நாவலின் பாத்திரம் மாசிலாமணியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தவள் நான்தான். அரங்கம் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மாசிலாமணி கனவில் வருகிறார், காதில் சொல்கிறார் என்றெல்லாம் நான் எங்கேயும் சொன்னதில்லை. அவர் நான் உண்டாக்கிய ஆள். 1978-ல் கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கையால் கோக்கிறவர். அந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் கொண்டுவந்த மாற்றம். றா, னா, ணா, லை, ளை என்று 13 எழுத்துகளின் பழைய வடிவம் போனது. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய 'லை' நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். இருபது வருடம் அந்த எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோத்த ஒரு மனிதருக்கு அது போகும்போது எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் நாவலே பிறந்தது.

முதலாளி புது முறைக்கு மாறச் சொன்ன அன்று ராத்திரி மாசிலாமணி பழைய ஈய எழுத்துகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுகிறார் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. ஒரு வாரம் கழித்து வாசித்தேன். அந்த அழுகை முழுக்க என்னுடையது. அந்த ஆள் அங்கே இல்லவே இல்லை. கோபப்பட வைத்தேன். முதலாளியோடு சண்டை போட வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. முந்தின அத்தியாயங்களில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. ஒத்துழைக்கவில்லை என்று நான் சொல்வது இதைத்தான். நான் வேண்டுகிற உணர்ச்சியை ஒரு மனிதர் மேல் ஏற்றப் பார்க்கிறேன், அதுவரை நானே எழுதி வைத்திருக்கிற மனிதர் அதை ஏற்கவில்லை. இதில் தோரணை எங்கே இருக்கிறது?

ஒரு பயிலரங்கில் அறுபது கேள்விகள் அடங்கிய படிவம் கொடுத்தார்கள். பாத்திரத்துக்குப் பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, சின்ன வயதுப் பயம். எல்லாவற்றையும் உட்கார்ந்து நிரப்பினேன். மாசிலாமணிக்கு வத்தக்குழம்பு பிடிக்கும் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது வருடம் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பழைய கம்பாசிட்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த எழுத்துகள் போனபோது வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "முன்னாடி 'லை' ஒரே எழுத்தும்மா. கேஸுக்கு ஒரு தடவை கை போனாப் போதும். அப்புறம் ரெண்டு எழுத்தாயிடுச்சு, ரெண்டு தடவை போகணும். எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் 'காலை'ன்னு வரும்ல?" என்றார். கேஸ் என்றால் எழுத்துகளைப் பிரித்து வைத்திருக்கும் பெட்டி. வேறு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டேன். "சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த அழுகை அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டேன். மாசிலாமணி வேலை முடிந்து வருகிறார், சட்டையைக் கழற்றிக்கொண்டே தைலம் எங்கே என்று மனைவியிடம் கேட்கிறார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான பேச்சு அதுதான்.

உடனே சிலர் கேட்பீர்கள், பார்த்தீர்களா, கள ஆய்வு செய்யாததுதான் பிரச்சினை, மேடையில் பேசியவரும் அதைத்தானே சொன்னார் என்று. கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஸில் எந்த எழுத்து எங்கே இருக்கும், எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக்கை எந்தக் கையில் பிடிப்பார்கள், தலைகீழாக இருக்கும் எழுத்தை எப்படி வாசிப்பார்கள் என்பதெல்லாம் முதல் வருடமே எனக்குத் தெரியும். தகவலில் குறை இல்லை. மாசிலாமணியிடம் நான் துக்கத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவே இல்லை. அதுதான் குறை. அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது. அதைச் சோம்பல் என்றால் எனக்கு வலிக்கிறது. காலை நாலரை மணிக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்புகிற வரை எழுதுகிறவள் நான்.

மேடையில் பேசியவர் 'லோலிட்டா' எழுதிய நபக்கோவை இழுத்தார். உண்மைதான், தன் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று 1967-ல் வந்த ஒரு பேட்டியில் நபக்கோவ் சொன்னார். அவருக்கு அப்படி எழுத வந்தது. அவர் மேதை. ஆனால் டால்ஸ்டாய் 1876-ல் தன் நண்பர் ஸ்த்ராகவுக்கு எழுதிய கடிதமும் இருக்கிறதே? அன்னா கரேனினாவில் ஒரு அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தானே எதிர்பாராமல் அன்னாவின் காதலன் விரான்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொண்டான் என்றும், பிறகு பார்த்தால் கதைக்கு அதுவே தேவையாக இருந்தது என்றும் அதில் எழுதினார். டால்ஸ்டாய் சோம்பேறியா? பதில் சொல்லுங்கள்.

பக்கத்து அறையில் இருக்கிற ஆளையே நமக்குத் தெரியாது என்பதுதான் என் பேச்சு. என் மாமியாரோடு 22 வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அத்தைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தப் புடவை பிடிக்காது, எல்லாம் தெரியும். என் மகனை நீச்சல் வகுப்பில் சேர்த்த முதல் வாரம் துணைக்கு வந்தார். படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "முட்டியை மடக்கி உதைக்கிறான், தொடையிலேர்ந்து உதைக்கச் சொல்லு" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் காவிரியில் அக்கரை வரை நீந்திப் போவாராம். ஏன் அத்தை சொல்லவே இல்லை என்றதற்கு, "நீங்க யாரும் கேக்கலையே" என்றார். அப்போது அவருக்கு 71 வயது. அதற்கப்புறம் ஒன்றரை வருடம்தான் இருந்தார். அந்த ஒன்றரை வருடத்திலும் நான் கேட்டதைவிடக் கேட்காமல் விட்டதுதான் அதிகம்.

எனக்குச் சோறு போட்ட மாமியாரையே தெரியவில்லை, நானாக உண்டாக்கிய ஒருவரைத் தெரிந்துகொள்ள மூன்று வருடம் ஆனால் ஒரு அரங்கமே சிரிக்குமா?

மேடையில் பேசியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் நாவல் எழுதுகிறவர் இல்லை.

அண்ணன், உங்களிடம்தான். உங்கள் இரண்டாவது நாவல் பாதியில் நின்ற வருடம், ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தீர்கள். "அந்தப் பொண்ணு என்ன நினைக்கிறான்னே தெரியலம்மா" என்றீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினீர்கள். மறுநாள் எனக்கு வேலை இருந்தது. முழுக்கக் கேட்டேன்.

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.