‘இல்லெகிட்டிமி நோன் கார்போருண்டும்’ ரோமானியர் பழமொழி அல்ல

‘அயோக்கியர்கள் உங்களை நசுக்க விடாதீர்கள்’ என்ற பொருளில் ‘இல்லெகிட்டிமி நோன் கார்போருண்டும்’ என்பது பண்டைய ரோமானியர் பழமொழி என்று பகிரப்படுகிறது. அந்தப் பொருளில் இன்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புழக்கத்துக்கு வந்த வேடிக்கை லத்தீன்.

‘கார்போருண்டும்’ என்பது சாணை பிடிக்க உதவும் சிலிக்கான் கார்பைடின் வணிகப் பெயர். அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் 1893-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார்பன், கொரண்டம் (மிகக் கடினமான ஒரு கனிமம்) இரண்டின் பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. லத்தீனில் ‘செய்யப்பட வேண்டியது’ என்று பொருள்தரும் விகுதியும் ‘-ண்டும்’ என்றே முடியும். அதனால்தான் கேட்பவருக்கு உண்மையான வினைபோலத் தோன்றுகிறது. மிக அழகான குறும்பு!

நீங்களே சரிபார்க்கலாம். 1879-இல் வெளியான லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி, பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘கார்போ’ (கரி) இருக்கும், ‘கார்போருண்டும்’ இருக்காது. இலக்கணமும் இடிக்கிறது: ‘இல்லெகிட்டிமி’ பன்மை, ‘-ண்டும்’ ஒருமை. ‘செய்யாதே’ என்று ஒருவரிடம் சொல்ல ‘நோலி’, பலரிடம் சொல்ல ‘நோலீதே’ வரவேண்டும். பச்சை குத்தவோ பதக்கத்தில் பொறிக்கவோ நினைப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.